தண்ணீர் ஊற்றாமலே துளிர்த்த புங்கமரம்

கேள்வி:

அன்புள்ள மேடம்,

எனக்கு 62 வயது. திருச்சிக்குப் பக்கத்தில் சொந்த வீடு. போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஒரே மகன், வெளிநாட்டில் இருக்கிறான்.

வாசலில் ஒரு புங்கமரம் நிற்கிறது. 14 வருஷத்துக்கு முன்னால் அவர் வைத்தது. தினம் காலையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் காபிக்கு உட்காருவார். அவர் போனபிறகு நான் ஒரு சொம்புகூட ஊற்றவில்லை. மாசியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. சரி, இதுவும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் வாசல் தெளிக்க வந்தால் மரம் முழுக்க இளம்பச்சை. வெயில் பட்டு மின்னுகிறது. ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் வயிற்றைப் பிசைந்தது. அவர் இல்லாதபோது எனக்கு எப்படி இது அழகாகத் தெரிகிறது? மரத்தின்மேல்கூடக் கோபம் வந்தது.

மகன் வாட்ஸாப்பில் “இயற்கையை ரசிங்கம்மா, வாக்கிங் போங்கம்மா” என்கிறான். மார்க்கெட் பக்கம் போகவே பிடிக்கவில்லை. வருஷக்கணக்காகப் பழகிய பூக்காரம்மா, பழக்க தோஷத்தில் ஒரு முழம் மல்லியை நீட்டினாள். பிறகு ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். விடிகாலை நாலரைக்கே குயில் கூவ ஆரம்பித்துவிடுகிறது. ஜோடியைத் தேடிக் கத்தும் பெண்குயில் மாதிரிதான் நானும் என்று தோன்றும். சமயபுரம் பூச்சொரிதலுக்கு வருஷம் தவறாமல் போவோம், இந்த வருஷம் போகவில்லை. துக்கம் நடந்த வீடு என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. விளக்கு ஏற்றுகிறேன், கும்பிடுவதில்லை. இனிமேல் எனக்கு நம்பிக்கை என்று ஒன்று வருமா?

இன்னொன்று. மரம் குப்பை கொட்டுகிறது, வெட்டிவிடுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்:

அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். “மரத்தின்மேல்கூடக் கோபம் வந்தது” என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றேன். அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளத் துணிச்சல் வேண்டும்.

முதலில் என் தொழிலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆலோசகராக வேலை தொடங்கிய புதிதில், மனைவியை இழந்த ஒருவர் என்னிடம் வந்தார். நானும் உங்கள் மகன் மாதிரிதான் சொன்னேன்: காலையில் பூங்காவுக்குப் போங்கள், பூக்களைப் பாருங்கள், மனம் லேசாகும். அடுத்த வாரம் வந்து, “மேடம், ஒவ்வொரு பூவும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதிலிருந்து அழகை மாத்திரை போல யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆகவே உங்களை ரசிக்கச் சொல்லப் போவதில்லை. நீங்கள்தான் ஏற்கெனவே ரசித்துவிட்டீர்களே! பிரச்சினை அதற்குப் பிறகு வந்த வயிற்றுப் பிசைவுதான். அதைப் பற்றிப் பேசுவோம்.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ‘இளவேனிற் பத்து’ என்று பத்துப் பாட்டு உண்டு. பிரிந்து போனவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. பத்துப் பாட்டும் ஒரே அடியில்தான் தொடங்கும்: “அவரோ வாரார், தான் வந்தன்றே”. அவரோ வரவில்லை, ஆனால் இது வந்துவிட்டது. ‘இது’ என்றால் வேனில். அதற்குக் கீழே ஒவ்வொரு பாட்டிலும் ஏதோ ஒன்று பூத்திருக்கும், துளிர்த்திருக்கும், கூவும். ஒரு பாட்டில் உங்கள் வாசல் மரமே இருக்கிறது. புன்கு என்று அன்றைக்குச் சொன்னது இன்றைய புங்கைத்தான். அதன் பூவைப் ‘பொரிப்பூ’ என்கிறார். சித்திரையில் உங்கள் வாசலில் உதிரும்போது பாருங்கள், யாரோ பொரியைக் கொட்டிவிட்டுப் போன மாதிரியேதான் இருக்கும். கடைசிப் பாட்டில் வேம்பு பூத்திருக்கிறது.

அந்தப் பெண்ணும் உங்களைப் போலவேதான். பருவத்தின்மேல் அவளுக்கு எரிச்சல். ஆனாலும் புங்கம்பூ பொரி மாதிரி இருப்பதும், வேப்பம்பூ உதிர்வதும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. அவன்மேல் அன்பு குறைந்ததால்தான் பூ தெரிந்தது என்று இதைப் படிக்கிற யாராவது சொல்வார்களா? உங்கள் கணக்கு மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

இதையே என் துறையில் வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் துக்கத்தைப் பற்றி எழுதியது இன்றைக்கும் எங்களுக்குப் பயன்படுகிறது. துக்கம் படிப்படியாக இறங்கித் தரை சேர்கிற ஏணி இல்லை, ஊசல் மாதிரி. ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகும், இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம் வரும். ஒரே நாளில், சில சமயம் ஒரே நிமிஷத்தில்கூட. ஊசல் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டால்தான் எங்களுக்குக் கவலை. நீங்கள் வாசலில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு பக்கமும் போய் வந்துவிட்டீர்கள். உங்களுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. எனக்கு, ஐந்து மாதத் துக்கத்தில் இருக்கிற மனம் ஒழுங்காக வேலை செய்வதாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய எல்லா நாளும், எதுவுமே பிடிக்காமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எதற்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அது மரம் பார்த்துத் தீர்கிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசாங்கச் சேவை, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

சரி, மரத்துக்கு வருவோம். தண்ணீரே ஊற்றாமல், மழையும் இல்லாமல், பங்குனி வெயிலில் அது எப்படித் துளிர்த்தது? நான் தாவரவியல் படித்தவள் இல்லை. படித்த தோழி ஒருத்தியிடம் உங்கள் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்லிக் கேட்டேன். அவள் விளக்கியது இது. மரத்திலிருந்து தண்ணீர் அதிகமாக வெளியே போவது இலை வழியாகத்தான். மாசியில் பழைய இலையை எல்லாம் உதறிவிட்டதும் அந்தச் செலவு நின்றுவிடுகிறது. வேர் ஆழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி அனுப்புவது தண்டில் சேர்கிறது. நீங்கள் மொட்டை என்று நினைத்த நாட்களில் அது தண்ணீரைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதோடு, தையிலிருந்து பகல் நீண்டுகொண்டே வருகிறது, மரத்துக்கு அதுவும் ஒரு சைகை. இலையைப் புதுப்பித்துத் தயாராக வைத்துக்கொண்டால் மழை வரும்போது ஒரு நாள்கூட வீணாகாது. புங்கை மட்டும் இல்லை. அரசமரம் செம்பு நிறத்தில் தளிர் விடுவதும், வேம்பு உதிர்ந்து துளிர்ப்பதும் இதே கணக்கில்தான். நம்மூர் வசந்தம் மழையோடு வருவதில்லை, வறட்சியின் நடுவில் வருகிறது.

இவ்வளவு கேட்டபிறகும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “அப்படியானால் அவர் தினமும் ஊற்றிய குடம் வீணா?” என்று கேட்டேன். தோழி சிரித்தாள். “வேர் ஆழம் போகிறவரை, முதல் இரண்டு மூன்று கோடையில் ஊற்றியதுதான் அந்த மரத்தைக் காப்பாற்றியது. அதற்கு அப்புறம் ஊற்றியது அவர் மனசுக்கு” என்றாள்.

அதனால் நீங்கள் ஊற்றாமல் விட்டதற்காக வருந்த வேண்டாம். நாளைக்கு ஒரு குடம் ஊற்றத் தோன்றினால் ஊற்றுங்கள், மரத்துக்கு அது தேவையில்லை என்று தெரிந்தேகூட.

பூக்காரம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அந்த இழுத்துக்கொண்ட கைதான். பூ என்பதே நம் ஊரில் வெறும் பூவாக இருப்பதில்லை. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தலையில் எழுதி ஒட்டுகிற சீட்டாக அதை ஆக்கி வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, மல்லி சீசன் தொடங்குகிற இந்த மாதத்தில் மார்க்கெட்டில் நடப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஊகிக்க முடிகிறது. ‘இயற்கையை ரசிங்க’ என்று சொல்லும் மகனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. மகள் இருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

நீங்கள் பூ வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வைக்கக்கூடாது என்று சொல்ல வேறு யாருக்கும் உரிமை இல்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. என் அப்பா போனபிறகு அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டதில்லை. ஆனால் கிணற்றடிக் குண்டுமல்லிக்கு அவள் தண்ணீர் விடாத நாளும் இல்லை. பறித்ததை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிடுவாள். நாலு மொட்டை மட்டும் எடுத்து, வெட்டிவேரோடு குடிதண்ணீர்ப் பானையில் போடுவாள். தண்ணீர் மணக்க வேண்டும் என்பதற்காக என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் போய் வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, ஒவ்வொரு தடவை தண்ணீர் குடிக்கும்போதும் மல்லி வாசனை அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்று.

அந்தப் பூக்காரம்மாவிடம் போங்கள். அவளும் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். அரை முழம் வாங்குங்கள். அவர் படத்துக்குப் போடுவதோ, டம்ளர் தண்ணீரில் தலைமாட்டில் வைப்பதோ உங்கள் இஷ்டம்.

குயிலைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். விடிகாலையில் ‘கூ... கூ...’ என்று ஏறிக்கொண்டே போகிற அந்தக் குரல் ஆண்குயிலுடையது. கறுப்பாக, சிவந்த கண்ணோடு இருக்குமே, அதுதான். பெண்குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது ‘கிக்கிக்’ என்று விட்டுவிட்டுக் கத்துமே தவிர இப்படிக் கூவாது. நம் கவிஞர்கள் பலர் பெண்குயில் கூவுவதாகவே பாடிவிட்டார்கள். நான் சொன்ன இளவேனிற் பத்திலும் குயில்பெடைதான் கூவுகிறது, ஓதலாந்தையார் மரத்தடியில் நின்று சரிபார்க்கவில்லை போலிருக்கிறது. அதனால் அந்தக் குரலைக் கேட்டு அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் அது உங்கள் குரல் இல்லை. கூப்பிடுகிற வேலை அவனுடையது. அவள் எங்கோ இலை மறைவில் உட்கார்ந்து, காக்கை கூட்டில் எப்போது ஆள் இருக்காது என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் கெட்டிக்காரி.

அடுத்து நம்பிக்கை. இதில் நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும், நான் சாமியைப் பற்றி ஆலோசனை சொல்கிறவள் இல்லை. என் அறைக்கு வருகிறவர்களிடம் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சாமியை விட்டு உண்மையிலேயே விலகிப் போனவர்கள் கோபப்படுவதில்லை. அவர்களுக்கு அந்தப் பேச்சே எழாது. “அவளோடு எனக்குப் பேச்சு இல்லை” என்று யாரைப் பற்றிச் சொல்வோம்? உடன்பிறந்தவளைப் பற்றி, சம்பந்தியைப் பற்றிச் சொல்வோம். உறவு இல்லாத இடத்தில் பேச்சை நிறுத்தவும் முடியாது.

நீங்கள் போகாமல் இருந்த அந்தப் பூச்சொரிதலைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி 28 நாள் சமயபுரத்தாள் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். சமைத்த படையல் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். மற்ற இடங்களில் மனிதர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள், இங்கே அவளே விரதம் இருக்கிறாள். மரம் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கிற அதே மாதத்தில்! இதை ஏற்படுத்தியவர்கள் அப்படி யோசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஆண்டுக்கு ஒரு முறை சாமியும் மரமும் ஒன்றும் இல்லாமல் இருக்கின்றன, ஊர் காத்திருக்கிறது.

நீங்களும் அப்படி இருக்கலாம். விளக்கு மட்டும் ஏற்றுங்கள், கும்பிட வேண்டாம். வருமா என்று கேட்டீர்கள். தேதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் கும்பிடாதவர் ஐந்து மாதமாக ஒரு நாள்கூடத் தவறாமல் திரியை யாருக்காகத் தூண்டுகிறார் என்று நீங்களே ஒரு சாயங்காலம் யோசித்துப் பாருங்கள்.

மகன் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். சொன்ன விதம்தான் சரியில்லை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் உங்களைப் போல வயதில் பெரியவர்கள். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு முறை, 15 நிமிஷ நடை. ஒரு குழுவை வெறுமனே நடக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், எதையும் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்து, வியந்து நடக்கச் சொன்னார்கள். வழியில் செல்ஃபியும் எடுக்க வேண்டும். வாரங்கள் போகப் போக, வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்கள் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது, சுற்றியிருந்தவை அதிக இடத்தைப் பிடித்தன. சிரிப்பும் கூடியது. சிறிய ஆய்வுதான், இதை வைத்து ஊரைத் திருத்திவிட முடியாது. ஆனால் அந்தப் படங்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நீங்கள் அவ்வளவு தூரம்கூட நடக்க வேண்டாம், வாசல் போதும். காலையில் அவர் தண்ணீர் ஊற்றிய நேரத்துக்குப் பத்து நிமிஷம் நாற்காலி போட்டு உட்காருங்கள். போன் உள்ளேயே இருக்கட்டும், மகனுக்குப் படம் அனுப்புகிற வேலை வேண்டாம். அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் பாருங்கள். தளிர் கொஞ்சம் கரும்பச்சை ஆகியிருக்கும். இலைக் காம்படியில் பூங்கொத்து நீள ஆரம்பித்திருக்கும். பூத்துவிட்டால் தேனீச் சத்தம் கேட்கும். சில இலையில் வெள்ளைத் திட்டு விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம், இலைக்குள் சுரங்கம் வைக்கிற புழுவின் வேலை அது, புங்கைக்கு வழக்கமானது. தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும்? அதில் ஒரு வரி எழுதுங்கள். “இன்று ஒன்றும் பார்க்கவில்லை, அழுதேன்” என்பதும் ஒரு வரிதான். ஆர்வம் வந்தால், சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் இருக்கிறது. நாடு முழுக்கச் சாதாரண மக்கள் தங்கள் வீட்டு மரம் எப்போது துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று வாராவாரம் பதிவு செய்கிறார்கள். அதில் புங்கையும் உண்டு. அதெல்லாம் பிறகு, இப்போதைக்குக் காலண்டர் தாள் போதும்.

சித்திரை முதல் நாள் பச்சடி செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். வருஷம் திரும்பாத வீட்டில் பண்டிகை வேண்டாம் என்றால் வேண்டாம். வேப்பம்பூ பண்டிகைக்கு மட்டுமா? மரத்தடியில் பழைய வேட்டி விரித்துச் சேகரித்து, நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் ரசத்துக்கு ஆகும். ரசம் வைத்தால் சாதமும் சாப்பிட்டாக வேண்டுமே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

கடைசியாகப் பக்கத்து வீடு. வெட்டாதீர்கள், குறைந்தபட்சம் இந்த வருஷம் எதையும் வெட்டாதீர்கள். துக்கத்தின் முதல் வருஷத்தில் வீட்டை விற்காதே, நகையை மாற்றாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்கிற குப்பை இலை கொட்டியபோது வந்தது, அது முடிந்துவிட்டது. இனிமேல் பூ கொட்டும், மூன்று நாலு வாரம். ஒரு சாக்கும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு நீங்களே போய், “உங்க பக்கம் விழறதையும் நானே கூட்டி எடுத்துக்கறேன்” என்று சொல்லிப் பாருங்கள். மக்கிய புங்கம்பூ தொட்டிச் செடிக்கு நல்ல உரம், அவர்கள் வீட்டில் தொட்டி இருந்தால் ஒரு கூடை கொடுத்துவிட்டு வாருங்கள். மதிலுக்கு மேலே நீண்ட கிளை உண்மையிலேயே இடைஞ்சல் என்றால் பூ முடிந்தபிறகு ஆள் வைத்து அதை மட்டும் கழித்துவிடலாம். கோடைக்கு அந்த நிழல் அவர்கள் ஜன்னலுக்கும்தான் விழுகிறது, அதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு வாருங்கள்.